நீருக்கடியில் கண்ணம்பாடி

மைசூர் செல்லும் நம் அங்கத்தினர்கள் பிருந்தாவனத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அங்குள்ள கிருஷ்ணராஜ சாகருக்குக் கண்ணம்பாடி அணை என்றும் பெயர். அது மூழ்கிப்போன ஓர் ஊரின் பெயர்.

நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில், சர் எம். விஸ்வேஸ்வரய்யா தலைமைப் பொறியாளராக இருந்தபோது, 1911-ல் அணை வேலை தொடங்கியது. தேங்கிய காவிரியில் கிராமமும், ஹொய்சாளர் காலத்து வேணுகோபால ஸ்வாமி கோயிலும் மூழ்கின. ஊரார் பெருமாளைப் புதுக் கண்ணம்பாடியில் எழுந்தருளச் செய்தனர். நீர் வற்றிய வருஷங்களில் பழைய கோயில் வெளியே தெரியும்.

பின்னர் கோடே அறக்கட்டளை அதைக் கல் கல்லாகப் பிரித்து, 2011 வாக்கில் புதுக் கண்ணம்பாடிக் கரையில் மீண்டும் எழுப்பியது. கோயில் கரையேறிவிட்டது, ஊர் ஏறவில்லை. மண்டியாவின் நெல்லும் கரும்பும் அவ்வூரார் விட்டுக்கொடுத்த மண்ணால் விளைபவை. பெருமாளைச் சேவித்தபின், எதிரே விரிந்த நீரையும் ஒரு கணம் வணங்குவோம்.