ஒவ்வாமையும் குருதிப் பரிசோதனையும்: ஒரு வரலாற்று நோக்கு

மூச்சிழுப்பும் ஓயாத தும்மலும் மனிதனை வருத்துதல் புதிதன்று. ஆயின், அவற்றுட் பல, பிறருக்குத் தீங்கு செய்யாத பொருள்களால் விளைகின்றன என்பதும், அதற்குரிய சான்று நோயாளியின் குருதியிலேயே உண்டு என்பதும் அண்மைக்கால அறிவாகும். இவ்வறிவு வளர்ந்த வரலாறு, இன்றைய பரிசோதனையின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே உணர்த்துவது.

1819 ஆம் ஆண்டிலே யோன் பொஸ்ரொக் என்னும் ஆங்கில மருத்துவர், கோடைதோறும் தம்மை வருத்திய கண்ணெரிவு, தும்மல், மூச்சுமுட்டல் ஆகியவற்றை இலண்டன் மருத்துவர் கழகத்தில் விரித்துரைத்தார். மஞ்செஸ்ரர் நகரத்துச் சாள்ஸ் பிளாக்லி, தம் மூக்கிலும் கீறிய தோலிலும் மகரந்தத்தை இட்டுச் சோதித்து, அதுவே இந்நோய்க்குக் காரணமென 1873 இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். உடலின் இம்மாறுபட்ட இயல்புக்கு 1906 இல் ‘அலர்ஜி’ என்னும் பெயரைச் சூட்டியவர் வியன்னா மருத்துவர் பீர்க்கே ஆவார். தமிழில் அஃது ஒவ்வாமை என வழங்கும்.

பெயர் கிடைத்தது, ஆயின் அவ்வியல்பு உடலில் எங்கே உறைகின்றது என்ற வினா எஞ்சியது. 1921 இல், அக்காலத்தில் ஜேர்மனியைச் சார்ந்திருந்த பிரெஸ்லோ நகரிலே, பிரவுஸ்னிற்ஸ், கூஸ்ற்னர் என்னும் இருவர் இதற்கு விடை கண்டனர். கூஸ்ற்னருக்கு மீன் ஒவ்வாது. பிரவுஸ்னிற்ஸுக்கோ மீனால் யாதொரு தீங்கும் இல்லை. கூஸ்ற்னருடைய குருதித் தெளிநீரைப் பிரவுஸ்னிற்ஸ் தம் தோலினுட் செலுத்தி, மறுநாள் அவ்விடத்திலே மீன்சாற்றைச் செலுத்த, தோல் சிவந்து தடித்தது. ஒவ்வாமையை விளைக்கும் பொருள் குருதியில் உண்டு என்பது இதனாற் புலனாயிற்று. ஆயினும், ஒருவர் குருதியை மற்றொருவர் உடலிற் செலுத்துதல் ஈரல் நோயைப் பரப்பக் கூடியதாதலின், இம்முறை பின்னர்க் கைவிடப்பட்டது.

அப்பொருள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வாளர் கைக்கு அகப்படவில்லை. குருதியில் அதன் அளவு மிகச் சிறிதாயிருந்தமையே காரணம். 1966 இல் அமெரிக்காவின் டென்வர் நகரிற் பணியாற்றிய யப்பானியத் தம்பதியராகிய இஷிசாக்கா இருவரும் அதனை ஒரு புதிய பிறபொருளெதிரியாக இனங்கண்டனர். சுவீடனின் உப்சாலா நகரிலே யொஹான்சனும் பென்னிக்கும் வேறொரு வழியால் அதனையே அடைந்தனர். 1968 இல் உலக சுகாதார நிறுவனம் அதற்கு ‘ஐ.ஜி.ஈ.’ என்னும் பெயரை ஏற்றது.

1967 இலேயே உப்சாலா ஆய்வாளர் அதனை அளக்கும் முறையையும் வகுத்தனர். ஒவ்வாமை தரும் பொருளைத் திண்மத்தில் ஒட்டி, அதன்மேல் நோயாளியின் தெளிநீரை இடுவர். அப்பொருளுக்குரிய எதிரி அதிற் பற்றிக்கொள்ளும். எஞ்சியதைக் கழுவியபின், அவ்வெதிரியைப் பற்றக்கூடிய, கதிர்வீசும் அயடீன் சேர்த்த வேறொரு பொருளை இட்டு, வெளிப்படும் கதிரை அளப்பர். பிற்காலத்தில் அயடீனின் இடத்தை நொதியமும் ஒளிர்வும் பெற்றன.

இப்பரிசோதனையால் நோயாளிக்குத் தோலிற் குத்தும் துன்பமில்லை. தும்மலுக்கு உட்கொள்ளும் மருந்தை நிறுத்தவும் வேண்டியதில்லை. எனினும், எதிரி குருதியில் இருத்தல் வேறு, நோய் இருத்தல் வேறு. தூசுச் சிற்றுண்ணிக்கு எதிரி கொண்டிருந்தும் இழுப்பின்றி வாழ்வோர் பலர். எதிரி யாதுமின்றி ஈளையால் வருந்தும் வளர்ந்தோரும் உளர். குடற்புழுக்களாலும் ஐ.ஜி.ஈ. யின் மொத்த அளவு உயர்தல் கூடும். ஆகவே, பரிசோதனைத் தாளின் எண்ணை மட்டும் நோக்கி உணவை விலக்குதலும் மருந்தை மாற்றுதலும் தகா.

பொஸ்ரொக்கும் பிளாக்லியும் தம் நோயின் காலத்தையும் இடத்தையும் கூர்ந்து நோக்கியே உண்மையை அணுகினர். நோயாளி கூறும் அவ்வரலாற்றோடு பொருந்தும்போதே குருதி கூறும் சான்று பயனுடையதாகும்.