தி ஐரிஷ்மேன்: இளமையாக்கிய முகங்களும் பார்வையாளர்களும்

தி ஐரிஷ்மேன், மார்ட்டின் ஸ்கோர்செசி இயக்கி 2019இல் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம். நிழலுலகக் கும்பல்களின் கதை. ஓடும் நேரம் 209 நிமிடம். எழுபது வயதைக் கடந்த ராபர்ட் டி நீரோ, அல் பச்சீனோ, ஜோ பெஷி ஆகிய மூவரும் தங்கள் பாத்திரங்களின் நடுவயதையும் தாங்களே நடித்தனர். அதற்காக அவர்களுடைய முகங்கள் கணினியில் இளமையாக்கப்பட்டன. அந்த முகங்களை நம்ப முடிகிறதா, மூன்றரை மணி நேரம் தகுமா என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றியே இப்படத்தைப் பற்றிய பார்வையாளர் பேச்சு நடந்தது.

கதையின் மூலம் சார்ல்ஸ் பிராண்ட் 2004இல் வெளியிட்ட நூல். திரைக்கதை ஸ்டீவன் செய்லியன். இறைச்சி லாரி ஓட்டும் பிராங்க் ஷீரன் (டி நீரோ), பென்சில்வேனியாவின் மாஃபியா தலைவர் ரஸ்ஸல் பஃபலினோவிடம் (பெஷி) சேர்ந்து கூலிக் கொலைகாரனாகிறான்; பிறகு டீம்ஸ்டர்ஸ் லாரித் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் ஜிம்மி ஹாஃபாவின் (பச்சீனோ) நம்பிக்கைக்குரிய ஆளாகிறான். ஹாஃபா 1975 ஜூலை 30 அன்று மிச்சிகன் மாநிலத்தில் ஓர் உணவகத்தின் வாசலிலிருந்து காணாமல் போனவர். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அவரைக் கொன்றது தானே என்பது நூலில் ஷீரன் தரும் வாக்குமூலம். நூலின் தலைப்பு, வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர் என்று உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டேன் என்று பொருள்படும். பெயிண்ட் என்பது சுவரில் தெறிக்கும் இரத்தம்.

முன்வரலாறு

ஒரே பாத்திரத்தை இரு வயதுகளில் காட்டத் திரைப்படத்துக்கு நெடுங்காலம் இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று ஒப்பனை. அதனால் வயதைக் கூட்ட முடியும், குறைக்க முடியாது. 1970இல் வந்த லிட்டில் பிக் மேன் படத்தில் ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித், முப்பதுகளில் இருந்த டஸ்டின் ஹாஃப்மனை 121 வயதுக் கிழவராக்கினார். கிழவரை இளைஞராக்கும் ஒப்பனைப் பெட்டி எவரிடமும் இல்லை.

மற்றது ஆளை மாற்றுவது. 1974இல் வந்த தி காட்ஃபாதர் இரண்டாம் பாகத்தில், முதற்பாகத்தில் மார்லன் பிராண்டோ நடித்த விட்டோ கார்லியோனியின் இளவயதை டி நீரோ நடித்தார். இருவருக்கும் முகச்சாயல் அதிகமில்லை. ஆனாலும் பார்வையாளர்கள் தயங்காமல் ஏற்றுக்கொண்டார்கள். டி நீரோவுக்குத் துணை நடிகர் ஆஸ்கரும் கிடைத்தது. ஐரிஷ்மேன் வெளியானபோது, இளம் நடிகர்களையே போட்டிருக்கலாமே என்று கேட்டவர்கள் பலரும் சுட்டிக்காட்டியது இந்த உதாரணத்தைத்தான்.

கணினி வழி 2006இல் திறந்தது. எக்ஸ்மென் வரிசையின் மூன்றாம் படத்தில் லோலா நிறுவனம், பாட்ரிக் ஸ்டூவர்ட், இயன் மெக்கெல்லன் ஆகியோரின் முகச் சுருக்கங்களைச் சட்டகம் சட்டகமாகத் துடைத்து மழுப்பியது. தட்டையான படத்தின் மேல் செய்யும் இந்தப் பூச்சு வேலையை முதல் வகை எனலாம். 2015இல் ஆன்ட்மேனில் மைக்கேல் டக்ளஸுக்கும், 2019 மார்ச்சில் கேப்டன் மார்வெலில் படம் முழுவதும் சாமுவேல் எல். ஜாக்சனுக்கும் லோலா இதையே செய்தது.

இரண்டாம் வகை, தலையையோ முழு உருவத்தையோ கணினியிலேயே உண்டாக்குவது. 2008இல் பெஞ்சமின் பட்டன் படத்தில் பிராட் பிட்டின் முதிய தலையை டிஜிட்டல் டொமெய்ன் நிறுவனம் இவ்வாறு செய்து ஆஸ்கர் பெற்றது. அந்தத் தலை உட்கார்ந்திருந்தது வேறு நடிகர்களின் உடல்மேல். 2010இல் ட்ரான்: லெகசியில் ஜெஃப் பிரிட்ஜஸின் இளமுகமும் இன்னொருவர் உடலில்தான் பொருத்தப்பட்டது. அந்த முகத்தின் கண்களில் உயிரில்லை என்று அப்போதே குறை எழுந்தது. மனித உருவத்தை ஏறக்குறைய ஒத்து, முழுதும் ஒவ்வாத ஒன்றைக் காணும்போது மனம் கூசும் என்று ஜப்பானிய இயந்திரவியலாளர் மசாஹிரோ மோரி 1970இலேயே எழுதியது இதற்குச் சரியாகப் பொருந்தியது. 2019 அக்டோபரில் வந்த ஆங் லீயின் ஜெமினி மேனில், ஐம்பது வயது வில் ஸ்மித்துக்கு எதிரே நின்ற இளம் ஸ்மித், தலைமுதல் கால்வரை கணினி உருவம்.

ஐரிஷ்மேன் மூன்றாம் வகை. முகம் நடிகருடையது, நடிப்பும் அவருடையது, உடலும் பெரும்பாலும் அவருடையதே. அதற்குக் கிடைத்த பாராட்டும் வசையும் இந்த மூன்றாவது அம்சத்திலிருந்தே பிறந்தன.

முக்கண் கருவி

2015இல் தைவானில் சைலன்ஸ் படப்பிடிப்பில் இருந்த ஸ்கோர்செசியிடம், இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தின் பாப்லோ ஹெல்மன் முகங்களைக் கணினியில் இளமையாக்கும் யோசனையை வைத்தார். நடிகர்களின் முகத்தில் புள்ளிகள் ஒட்டக் கூடாது, தலையில் கேமரா தாங்கிய கவசம் மாட்டக் கூடாது என்பது இயக்குநரின் நிபந்தனை. சோதனைக்காக டி நீரோ, 1990இல் வந்த குட்ஃபெல்லாஸ் படத்தில் தாம் நடித்த ஒரு காட்சியை மறுபடி நடித்துக் காட்டினார். பெருங்கொள்ளைக்குப் பின் கூட்டாளி ஒருவன் இளஞ்சிவப்புக் காடிலாக் கார் வாங்கிவந்ததற்காக அவனை வறுத்தெடுக்கும் காட்சி அது. அந்தச் சோதனைதான் படத்தைச் சாத்தியமாக்கியது.

ஒளிப்பதிவாளர் ரோட்ரிகோ பிரியேட்டோ பயன்படுத்திய கருவியில் மூன்று கேமராக்கள் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருந்தன. நடுவில் இருப்பது படம் பிடிக்கும் கேமரா. இருபக்கமும் உள்ளவை அகச்சிவப்புக் கதிரைப் பதிவுசெய்பவை. கண்ணுக்கும் நடுக் கேமராவுக்கும் தெரியாத அந்த ஒளி, முகத்தின்மேல் விழும் நிழல்களை மீறி அதன் மேடுபள்ளங்களைக் கணினிக்குத் தந்தது. படக்குழு இக்கருவியை மூன்றுதலைப் பூதம் என்று அழைத்தது. பதிவானவற்றை ஃப்ளக்ஸ் என்ற மென்பொருள் முப்பரிமாண முகமாக மாற்றியது. மூவரின் பழைய படங்களிலிருந்தும் முகங்கள் வயதுவாரியாகத் தொகுக்கப்பட்டு, ஒவ்வொரு காட்சித்துண்டுக்கும் ஒப்புநோக்கப்பட்டன. இப்படி வேலை செய்யப்பட்டவை ஏறத்தாழ 1,750 துண்டுகள்.

டாக்ஸி டிரைவர் படத்தின் டி நீரோவைத் திரும்பக் கொண்டுவருவது தங்கள் நோக்கமல்ல, ஷீரனின் இளவயதைக் காட்டுவதே என்று ஹெல்மன் விளக்கினார். விளக்கம் நியாயமானது. ஆனால் 1976இல் அந்த முகம் எப்படி இருந்தது என்பது உலகத்துக்கே தெரியும். கணினியின் முகம் போட்டியிட வேண்டியிருந்தது பார்வையாளரின் நினைவோடு.

முகமும் உடலும்

படப்பிடிப்பு 2017 செப்டம்பரில் தொடங்கியபோது டி நீரோவுக்கும் பெஷிக்கும் வயது 74, பச்சீனோவுக்கு 77. நிற்பது, நடப்பது, படியேறுவது ஆகியவற்றில் வயதைக் குறைத்துக் காட்டப் பயிற்றுநர் ஒருவர் உடனிருந்தார். ஹாஃபா கோபத்தோடு நாற்காலியை விட்டு எழும் ஒரு காட்சியில், பாத்திரத்துக்கு வயது 49 என்று பச்சீனோவுக்கு நினைவூட்டித் திரும்ப எடுக்க வேண்டியிருந்ததைப் படக்குழுவினர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள்.

பார்வையாளர்களின் கண் முதலில் உறுத்தியது பெட்ரோல் நிலையக் காட்சியில். லாரி பழுதாகி நிற்கும் ஷீரனை பஃபலினோ முதன்முதலாகச் சந்திக்கிறார். அவனைச் சின்னப் பையனைப் போல் விளிக்கிறார். திரையில் தெரிவதோ ஐம்பதை எட்டிய முகம். டி நீரோவின் கண்களை நீலமாக்கியதும் பலருக்குப் பிடிக்கவில்லை. தெரிந்த முகத்தில் தெரியாத கண்கள்.

மளிகைக்கடைக் காட்சிதான் பெரிய சர்ச்சை. மகள் பெக்கியைத் தள்ளிவிட்ட கடைக்காரரை ஷீரன் நடைபாதைக்கு இழுத்துவந்து உதைத்து, கையை மிதித்து நசுக்குகிறான். சிறுமி நின்று பார்க்கிறாள். ஸ்கோர்செசி இதைத் தூரத்தில் கேமராவை நிறுத்தி, முழு உருவமும் தெரிய எடுத்திருக்கிறார். நெருங்கிய துண்டுகளாக வெட்டியிருந்தால் மறைந்திருக்கும் ஒன்று அங்கே பளிச்சென்று தெரிகிறது. கால் இடுப்பிலிருந்து வீசி வரவில்லை, முழங்கால் தயங்குகிறது, தோள் முன்னே சரிகிறது. முகத்தில் முப்பது வயது குறைந்த மனிதர், எழுபத்தைந்து வயதுக்காரரைப் போல் மிதிக்கிறார். இந்தத் துண்டு தனியே வெட்டப்பட்டுக் கைபேசிகளில் சுற்றியது. படத்தைப் பார்க்காதவர்கள்கூட இதை வைத்தே அதைப் பரிகசித்தார்கள். முந்தைய படங்கள் இளம் உடலைக் கடன் வாங்கியதன் காரணம் இங்கே விளங்கும்.

இலவச மென்பொருளைக் கொண்டு ஒரு வாரத்தில் செய்ததாகச் சொல்லி, 2019 டிசம்பரில் யூடியூபில் ஒரு காணொளி வந்தது. அதில் டி நீரோவின் முகம் இன்னும் வழுவழுப்பாக இருந்ததால், கோடிகளைக் கொட்டியது வீண் என்று பலர் எழுதினர். அந்த ஒப்பீடு பொருந்தாது. காணொளி செய்தது முடிந்த படத்தின்மேல் இளமுகத்தை ஒட்டுவது. மூன்றரை மணி நேரப் படத்தில் ஒரு நடிகரின் சிறு முகச்சுளிப்பும் கெடாமல் காப்பது வேறு வேலை.

முழுப் படத்தையும் பார்த்தவர்களின் அனுபவம் பெரும்பாலும் வேறு மாதிரி. முதல் அரைமணி நேர உறுத்தல் பிறகு தானாக மறைந்துவிட்டது என்று விமர்சகர்களும் சாதாரணப் பார்வையாளர்களும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பெஷியின் முகத்தைப் பற்றிக் குறை குறைவு. அவர் கத்துவதில்லை, ஓடுவதில்லை; உட்கார்ந்தபடி தாழ்ந்த குரலில் ஆளைத் தீர்க்கச் சொல்கிறார்.

மூன்றரை மணி நேரம்

பாரமவுண்ட் நிறுவனம் விலகியபின் படத்தை ஏற்றது நெட்ஃபிலிக்ஸ். ஆன செலவு 15.9 கோடி டாலர் என்று கூறப்பட்டது. திரையரங்கில் ஓடும் கால அளவு குறித்து ஒப்பந்தம் எட்டாததால் அமெரிக்காவின் பெரிய திரையரங்கு நிறுவனங்கள் படத்தைத் திரையிடவில்லை. நவம்பர் 1 அன்று சில அரங்குகளில் மட்டும் வெளியாயிற்று. நியூயார்க்கில் பெலாஸ்கோ என்னும் நாடக அரங்கிலும் ஒரு மாதம் ஓடியது. நவம்பர் 27 அன்று, நன்றிகூறும் நாளுக்கு முந்தைய நாள், வீடுகளுக்கு வந்தது.

அமெரிக்காவில் முதல் ஐந்து நாளில் 1.71 கோடிப் பேர் பார்த்ததாக நீல்சன் நிறுவனம் கணக்கிட்டது. ஆனால் முதல் நாள் பார்த்தவர்களில் படத்தை முழுதும் முடித்தவர்கள் 18 விழுக்காடு. ரசிகர் ஒருவர் படத்தை நான்கு பகுதியாகப் பிரித்து, எந்த நிமிடத்தில் நிறுத்தலாம் என்று குறித்துக் கொடுத்த அட்டவணை வேகமாகப் பரவியது. இதைத் தொடராக எடுக்கும் எண்ணமே இல்லை, விவரங்கள் சிறுகச் சிறுகச் சேர்வதில்தான் படம் இருக்கிறது என்பது ஸ்கோர்செசியின் பதில். கைபேசியில் மட்டும் பார்க்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். இடைவேளையோடு மூன்று மணி நேரப் படம் பார்த்துப் பழகிய நம்மவர்களுக்கு இந்த விவாதம் சற்று வியப்பாகவே இருக்கும்.

நீளத்துக்கான காரணம் கடைசி முக்கால் மணி நேரத்தில் இருக்கிறது. சிறையில் பஃபலினோ கை நடுங்க, ரொட்டியைத் திராட்சைச் சாற்றில் நனைக்கிறார். மெல்லப் பல் இல்லை. தொடக்கத்தில் இதே இருவர் ரொட்டியை ஒயினில் தோய்த்துத் தின்ற காட்சி நினைவில் இருப்பவருக்குத்தான் இது சுடும். முடிவில் முதியோர் இல்லத்தில் ஷீரன், அறைக்கதவைச் சற்றுத் திறந்தே வைக்கும்படி பாதிரியாரிடம் கேட்கிறான். அது ஹாஃபாவின் பழக்கம். மூன்றாம் மணி நேரம்வரை இருந்தவர்கள் இதை முதுமையைப் பற்றிய படம் என்றார்கள். பாதியில் நிறுத்தியவர்களுக்கு அது இன்னொரு மாஃபியா படம்.

பெக்கி

வளர்ந்த பெக்கியாக வரும் ஆனா பாகுவினுக்குச் சில சொற்களே வசனம். பெண் பாத்திரத்தின் வாயை அடைத்துவிட்டார்கள் என்ற கண்டனம் எழுந்தது. ஹாஃபா காணாமல் போனபின், அவர் மனைவிக்கு இன்னும் ஏன் போன் செய்யவில்லை என்று தந்தையிடம் அவள் கேட்கிறாள். ஷீரனிடம் பதில் இல்லை. அந்த ஒரு கேள்வியே படத்தின் தீர்ப்பு. மளிகைக்கடை வாசலில் நின்ற சிறுமியின் பார்வையிலிருந்து வருவது அது.

ஷீரனின் வாக்குமூலத்தை ஹாஃபா வழக்கை ஆராய்ந்தவர்கள் பலர் ஏற்பதில்லை. படம் அதை ஒரு கிழவனின் நினைவாகவே காட்டுகிறது.

பிற்காலம்

நியூயார்க் திரைப்பட விமர்சகர் வட்டம் 2019இன் சிறந்த படமாக இதைத் தேர்ந்தது. காட்சி விளைவு உட்பட பத்து ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தும் விருது ஒன்றும் கிடைக்கவில்லை. காட்சி விளைவு விருதை 1917 என்ற படம் பெற்றது. பிறகு 2023இல் ஹாரிசன் ஃபோர்டும், 2024இல் ஹியர் படத்தில் டாம் ஹாங்க்ஸும், அதே ஆண்டு தமிழில் தி கோட் படத்தில் விஜய்யும் இளமையாக்கப்பட்டனர்.

கிரைட்டீரியன் நிறுவனம் 2020 நவம்பரில் ஐரிஷ்மேனை வட்டாக வெளியிட்டது. முதல்முறை பார்ப்பவர்கள் மளிகைக்கடைத் துண்டை மறந்துவிட்டு, பெரிய திரையில், ஒரே அமர்வில், அந்தக் கதவுவரை பார்க்க வேண்டும்.