வெளிச்சம் யாருக்கு, கழிவு யாருக்கு? கல்பாக்கம் அணு உலையை முன்வைத்து

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சுமார் 80 கி.மீ. போனால் கல்பாக்கம். அங்குள்ள அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983 ஜூலையிலும் இரண்டாவது 1985 ஆகஸ்டிலும் இயங்கத் தொடங்கின. அதன் மின்சாரத்தில் ஒரு சிறு பங்கு நம் புதுச்சேரிக்கும் உண்டு. ஆகவே அந்த உலையைப் பற்றிப் பேசும் பொறுப்பும் நமக்கு உண்டு.

உலைக்குள் என்ன நடக்கிறது? யுரேனியம் 235 அணுக்கருவை நியூட்ரான் தாக்கியதும் அது பிளக்கிறது. வெப்பத்தோடு இரண்டு, மூன்று நியூட்ரான்களும் வெளியேறி அடுத்தடுத்த அணுக்களைப் பிளக்கின்றன. அவற்றின் வேகத்தைக் கட்டுப்படுத்தக் கல்பாக்கத்தில் கனநீர் பயன்படுகிறது. அந்த வெப்பத்தில் உருவாகும் நீராவி டர்பைனைச் சுழற்ற, மின்சாரம் பிறக்கிறது. அனல்மின் நிலையத்திலும் நீராவிதான் வேலை செய்கிறது. அங்கே எரிவது நிலக்கரி, அவ்வளவுதான்.

ஆனால் மிஞ்சுவது வேறு. சீசியம் 137இன் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே சுமார் 30 ஆண்டுகள் ஆகும். யுரேனியம் 238 நியூட்ரானை ஏற்றுப் புளூட்டோனியம் 239ஆக மாறுகிறது. அது பாதியாகக் குறைய சுமார் 24,000 ஆண்டுகள். 1974இல் பொக்ரானில் வெடித்ததும் ஓர் உலையில் உருவான புளூட்டோனியம்தான்.

அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1943இலேயே, மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்க வேண்டும் என்று வாதிட்டார். நாம் மின்சாரத்துக்கு எதிரிகள் அல்ல. வெளிச்சம் ஒருவருக்கும் கழிவு இன்னொருவருக்கும் என்று பிரிக்கப்படுவதையே எதிர்க்கிறோம்.

நாட்டின் யுரேனியம் பல்லாண்டுகளாக ஜார்க்கண்டின் ஜாதுகுடாவில், ஆதிவாசிகள் வாழும் மண்ணில் தோண்டப்படுகிறது. சுரங்கக் கழிவு அங்கேயே தேங்குகிறது. 2003 ஜனவரியில் கல்பாக்கம் மறுசுத்திகரிப்பு ஆலையில் ஆறு ஊழியர்கள் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டமோ, தகவல்களை மறைக்க அரசுக்குப் பரந்த அதிகாரம் தந்தது.

கழிவை யார் தலையில் ஏற்றுவது என்பதைச் சாதி எப்போதோ எழுதிவைத்துவிட்டது. மலக்குழியில் இறங்குவது யார் என்று கேட்டுத்தான் நாம் அரசியல் கற்றோம். அதே கேள்வியை உலை வாசலிலும் கேட்போம். அங்கே கழிவைக் கையாள்வோரில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் எத்தனை பேர்? அவர்கள் வாங்கிய கதிர்வீச்சு அளவு என்ன? வேலையை விட்ட பிறகு அவர்களுக்கு மருத்துவம் யார் பார்க்கிறார்கள்? 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. எழுதிக் கேட்போம்.