ஒரு ஸ்னாப்ஷாட்டின் பயணம்

ஓப்பன்சூசே லினக்ஸில் அப்டேட் கட்டளையைக் கொடுத்து என்டர் தட்டியதும், முதல் பேக்கேஜ் மாறுவதற்கு முன்பே ஒரு ஸ்னாப்ஷாட் பிறந்துவிடுகிறது. அதை எடுப்பது ஸ்னாப்பர் என்ற கருவி. 2011இல் வெளியான ஓப்பன்சூசே 12.1 பதிப்போடு அது வந்தது. அப்டேட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று ஜோடியாக எடுத்து எண் போட்டு வைக்கும். பிறப்புக்கு ஓரிரு நொடி போதும். பிறக்கும்போது டிஸ்க்கில் இடமும் அநேகமாகத் தேவையில்லை.

அந்தச் சிக்கனம் பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் தந்தது. ஐபிஎம் ஆய்வாளர் ஓஹாட் ரோடே முன்வைத்த மர அமைப்பை அடிப்படையாகக் கொண்டு, 2007இல் ஆரக்கிளில் இருந்த கிறிஸ் மேசன் அதைத் தொடங்கினார். 2009இல் 2.6.29 கர்னலோடு வெளிவந்தது. ஒரு ஃபைலைத் திருத்தினால் அது பழைய பிளாக்கின் மேல் எழுதாது. வேறிடத்தில் எழுதிவிட்டு முகவரியை மட்டும் மாற்றும். பழைய பிளாக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் ஸ்னாப்ஷாட்டின் வேலை. பெரிய ஃபைல்களை அழித்தும் டிஸ்க்கில் இடம் கூடவில்லையென்றால், பெரும்பாலும் ஏதோ ஒரு பழைய ஸ்னாப்ஷாட் அவற்றை இன்னும் பிடித்திருக்கிறது.

டிஸ்க்கை என்கிரிப்ட் செய்திருந்தால், இந்த வாழ்க்கை முழுவதும் லக்ஸ் என்கிற என்கிரிப்ஷன் அடுக்குக்கு மேலேதான் நடக்கிறது. பாஸ்வேர்ட் கொடுத்துத் திறந்த பிறகு தெரியும் டிஸ்க்தான் ஸ்னாப்ஷாட்டுக்கு உலகம். கீழே இருப்பது அதற்குத் தெரியாது. ஆகவே, ஸ்னாப்ஷாட் எடுத்த மறுநாள் லக்ஸ் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, பிறகு அந்த ஸ்னாப்ஷாட்டுக்கு ரோல்பேக் செய்தாலும் பழைய பாஸ்வேர்ட் திரும்பி வராது.

சிக்கல் தொடங்குவது ரோல்பேக் நாளில். பூட் பார்ட்டிஷனை என்கிரிப்ஷனுக்கு வெளியே தனியாக வைத்திருக்கும் லேப்டாப்பை எடுத்துக்கொள்வோம். ஸ்னாப்ஷாட் ரூட்டைப் பின்னுக்குக் கொண்டுபோகிறது. ஆனால் கர்னல் பூட் பார்ட்டிஷனில் புதிதாகவே நிற்கிறது. ரீபூட் செய்தால் பாஸ்வேர்ட் கேட்கிறது, ஏற்றுக்கொள்கிறது, ரூட்டும் மவுன்ட் ஆகிறது. அதன் பிறகு ‘விஃபேட்’ என்ற ஃபைல் சிஸ்டமே தெரியாது என்று சொல்லி எமர்ஜென்சி மோடில் போய் நிற்கிறது. பலரும் உடனே என்கிரிப்ஷனைச் சந்தேகிப்பார்கள். ஆனால் பாஸ்வேர்டை ஏற்றபோதே டிஸ்க்கைத் திறக்கும் வேலை சரியாக முடிந்துவிட்டது. ஓடும் கர்னலின் எண்ணையும் ரூட்டிலுள்ள மாட்யூல் டைரக்டரியில் இருக்கும் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: இரண்டும் வேறாக இருக்கும். க்ரப் மெனுவில் பழைய கர்னல் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். இல்லையென்றால் லைவ் யுஎஸ்பியில் ஏறி, லக்ஸைத் திறந்து, ரூட்டுக்குள் போய்க் கர்னலை மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

இன்னொரு வகை, சத்தமில்லாமல் ஏமாற்றுவது. ரோல்பேக் முடிந்தது என்று ஸ்னாப்பர் சொல்லும். ரீபூட் செய்தால் அதே உடைந்த சிஸ்டம் வந்து நிற்கும். ஸ்னாப்பர் மாற்றுவது எந்த சப்வால்யூம் டீஃபால்ட் என்பதை. ஆனால் க்ரப்பும் எஃப்ஸ்டேபும் சப்வால்யூமைப் பெயர் சொல்லி மவுன்ட் செய்தால், டீஃபால்டை யாரும் கேட்பதில்லை. அப்போது மேல்மட்டத்தை மவுன்ட் செய்து, உடைந்ததன் பெயரை மாற்றி, நல்ல ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுதக்கூடிய பிரதி ஒன்றை எடுத்து அந்தப் பெயரில் வைக்க வேண்டும். அசல் ஸ்னாப்ஷாட் படிக்க மட்டுமே. அதையே நேராக வைத்தால் லாகின் திரைகூட வராமல் போகலாம்.

பூட் டைரக்டரியையும் என்கிரிப்ஷனுக்குள் ரூட்டிலேயே வைத்துவிட்டால் கர்னலும் சேர்ந்தே பின்னோக்கிப் போகும். அதற்கும் விலை உண்டு. அப்போது பாஸ்வேர்ட் கேட்பது க்ரப். பெரும்பாலும் அமெரிக்கக் கீபோர்டு அமைப்பில்தான் கேட்கும், திறக்கவும் நேரம் எடுக்கும். 2021இல் வந்த க்ரப் 2.06, லக்ஸ்2ஐத் திறக்கும்; ஆனால் சாவி பிபிகேடிஎஃப்2 முறையில் இருந்தால் மட்டுமே. லக்ஸ்2இன் வழக்கமான ஆர்கான்2 சாவியாக இருந்தால், பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் அந்தப் பதிப்பில் பயனில்லை.

ஸ்னாப்ஷாட்டின் முடிவு எளிது. எண்ணிக்கை வரம்பைத் தாண்டியதும் ஸ்னாப்பரே பழையவற்றை அழித்து இடத்தை விடுவிக்கும். டிஸ்க் பழுதானால் எல்லாம் ஒன்றாகவே போகும். அதனால் ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நம்பாதீர்கள். ஃபைல்களுக்கு வேறு டிஸ்க்கில் பிரதி வையுங்கள். லக்ஸ் ஹெடரையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். லக்ஸ்2இல் வழக்கமாக 16 எம்பிதான். அது கெட்டு பிரதியும் இல்லையென்றால், சரியான பாஸ்வேர்டாலும் எந்த ஸ்னாப்ஷாட்டையும் திறக்க முடியாது.