கையொப்பக்காரர்கள்: கோலார் தங்கவயலும் 'தமிழன்' இதழும்

ஒரு பைசா என்பது காலணா, ரூபாய்க்கு 64. 1907 ஜூன் 19 புதன்கிழமை சென்னை இராயப்பேட்டையிலிருந்து வெளிவந்த நான்கு பக்க வார இதழொன்று தன் விலையையே பெயரில் சூடிக்கொண்டது: 'ஒரு பைசாத் தமிழன்'. அதன் ஆசிரியர் சித்த மருத்துவர் க. அயோத்திதாசப் பண்டிதர். இப்பெயரைப் பணிவின் அடையாளமாகக் கொள்வோர் உண்டு. தன் வாசகர் யார் என்பதை முதற்பக்கத் தலைப்பிலேயே அறிவித்த செயலாகக் கொள்வதே பொருந்தும். ஓராண்டுக்குப் பின் பைசா உதிர்ந்தது, 'தமிழன்' நின்றது.

காலணாவுக்கு விற்கும் இதழ் எவ்வாறு பிழைத்திருக்கும்? 'சுதேசமித்திரன்' போன்ற ஏடுகளுக்கு வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் சந்தாதாரர்களாக இருந்தனர்; வணிகரின் விளம்பரம் இருந்தது. ஒடுக்கப்பட்டோர் நடத்திய இதழ்களுக்கு இவ்விரண்டும் அரிது. 1869இல் தோன்றிய 'சூரியோதயம்' தொடங்கி அத்தகைய இதழ்கள் பல வந்தன, பல மறைந்தன. இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் தொடங்கிய 'பறையன்' ஏழாண்டுகள் நடந்தது. 1900இல் அவர் கடல்கடந்து சென்றதும் நின்றுபோயிற்று. ஆசிரியரே முதலாளி, ஆசிரியரே ஏவலாள் என்றிருந்த இதழ்களின் பொதுவிதி அது. இவ்விதிக்கு 'தமிழன்' சற்றே விலகி நின்றதற்குரிய காரணத்தை இராயப்பேட்டையில் தேடுவதைவிடக் கோலார் தங்கவயலில் தேடுவது நலம்.

மைசூர் சமஸ்தானத்தில் ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் சுரங்கப்பணியைக் கையிலெடுத்தபின், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நிலமற்ற மக்கள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்டோர், அங்குக் குடியேறினர். நிலத்தடி வேலை கொடியது. பாறை வெடிப்பும் சிலிக்காத் தூசியும் பலரைக் கொன்றன. லைன்களின் தட்டிவீடுகள் மனிதர் வாழத்தக்கவையாக இருந்தனவல்ல. ஆயினும் ஊரில் கிடைக்காத ஒன்று அங்குக் கிடைத்தது: பண்ணையார் அளக்கும் தானியமாக அன்றி, காசாகக் கையில் விழும் கூலி. அக்காசை எதற்குச் செலவிடுவது என்று ஊர்க்கவுண்டனோ மிராசுதாரனோ கேட்க இயலாது. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்பிலும் பௌத்த சங்கங்கள் எழுந்ததும், எம். ஒய். முருகேசர் போன்றோர் அவற்றை வளர்த்ததும், 'தமிழன்' அங்கு ஊன்றியதும் இக்காசின் விளைவுகளே. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்பது அக்காலத்து வாசிப்பு முறை. ஓர் இதழுக்குக் காதுகள் பல. இரங்கூனிலும் நேட்டாலிலும் கூட அதற்கு வாசகர் இருந்தனர். சந்தாதாரரின் வரைபடத்தை விரித்தால் கூலித் தமிழரின் வரைபடமே தெரியும்.

1914 மே 5 அன்று பண்டிதர் மறைந்தார். மகன் பட்டாபிராமன் சிலகாலம் இதழை நடத்தினார். பின்னர் அது நின்றது. மீண்டும் எழுந்தது 1926இல், தங்கவயலில், ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு. தலைநகரில் பிறந்த இதழ் தன்னைத் தாங்கியவர்களின் ஊருக்கே குடிபெயர்ந்தது என்பது தமிழ் இதழியல் வரலாற்றில் போதிய அளவு பேசப்படாத செய்தி. முந்தைய ஆண்டு ஈரோட்டில் 'குடிஅரசு' தொடங்கியிருந்தது. அப்பாதுரையாரின் 'தமிழன்' பௌத்தத்தையும் சுயமரியாதையையும் ஒரே மூச்சில் பேசியது.

இங்கு ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். சந்தாதாரரைப் பழைய தமிழ் இதழ்கள் 'கையொப்பக்காரர்' என்றே அழைத்தன. பணம் தருவதாகக் கையெழுத்திட்டு உறுதிகூறுபவர் என்பது பொருள். 1930இல் தங்கவயலின் தொழிலாளர் ஏறத்தாழ மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு அதன் தொடக்கக் காரணமன்று. தொழிலாளரின் கைரேகையைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற கட்டளையே காரணம். குற்றவாளியைப் போல விரலை மையில் தோய்க்க மறுத்த அதே மக்களிடையே, ஓர் இதழுக்காகக் கையொப்பக்காரராகப் பெயர் தந்தவர்களும் இருந்தனர். இரண்டும் ஒரு கையின் செயல்கள்.

உலகப் பொருளாதாரப் பெருமந்தம் அப்போது இறங்கிக்கொண்டிருந்தது. நெல் விலை சரிந்தது. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க அளவையைக் கைவிட்டதும் தங்கத்தின் விலை ஏறியது. கம்பெனிகளின் பங்குதாரர்களோ இலண்டனில் இருந்தனர். இந்நெருக்கடிக்கு நடுவே இதழ் 1930களின் நடுப்பகுதிவரை நீடித்தது. இதனோடு ஒப்பிடத் தக்கது அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'சிகாகோ டிஃபெண்டர்'. இராபர்ட் அபட் அதனை 1905இல் 25 சென்ட் முதலுடன் தொடங்கினார். புல்மேன் இரயில்பெட்டிகளின் கறுப்பினப் பணியாளர்கள் அதனைத் தென்மாநிலங்களுக்கு மறைவாகக் கொண்டுசென்று பரப்பினர். அங்கும் இதழின் முதுகெலும்பு மாதக்கூலிக்காரரே. அந்த ஏடு 2019 ஜூலையில் அச்சுப் பதிப்பை நிறுத்திக்கொண்டது.

அதே 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்டிரியும் இந்தியச் செய்தி நிறுவனங்களின் தலைமைப் பதவிகள் 121ஐ ஆராய்ந்தன. 106இல் உயர்சாதியினர் இருந்தனர், பட்டியலினத்தவரோ பழங்குடியினரோ ஒருவருமில்லை. ஆட்குறைப்புக் காலங்களில் யாரை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கும் நாற்காலிகள் அவை. தலித் இதழாளருக்கு ஆதரவு எங்கிருந்து வரும் என்னும் வினா, காலணாக் காலத்திலிருந்து அவ்வளவாக நகரவில்லை.

இதழ் நின்றபின்னும் தங்கவயல் ஓயவில்லை. அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. மஞ்சளேறிய 'தமிழன்' பிரதிகளை நூலகங்கள் அல்ல, அதனைப் படித்த எளிய குடும்பங்களே பெட்டிகளில் காத்துவந்தன. ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தபோதுதான் கல்விப்புலம் அப்பெயரை உரக்கச் சொல்லத் தொடங்கியது. அதற்கு ஈராண்டு கழித்து, 2001 பிப்ரவரி 28 அன்று, தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன.