கயிறு பிடித்தவர்கள்

மன்னார்ப் பக்கத்துச் சிலாவத்துறைக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் யாரும் தனியாக மூழ்கியதில்லை. காலைக் கல்லில் வைத்து ஒருவர் இறங்கினால், வள்ளத்தில் இன்னொருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே போனவருக்கு ஒரு நிமிடம், மிஞ்சினால் அதற்குச் சற்று மேல். கயிறு அசைந்ததும் இழுக்க வேண்டும். சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொன்ன கடல்கட்டிக்கும் அரசாங்கம் கூலி கொடுத்தது. அவர் கரையில் மந்திரம் சொல்லாமல் குளியாட்கள் இறங்க மறுத்தார்கள். 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டதையும் 25 இலட்சம் ரூபாய் வருமானம் வந்ததையும் சென்ற கிழமை பார்த்தோம். சிப்பியை அவ்வளவு கவனமாக எண்ணிய வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு, கயிறு பிடித்தவரைக் கூப்பிட்டு ‘என்ன நடந்தது?’ என்று கேட்டு எழுதிவைக்கும் வழக்கம் இருக்கவில்லை. அந்தக் குறை முத்தோடு தீர்ந்துபோகவில்லை என்பதால்தான் இந்தக் கிழமை கொஞ்சம் தூரம் போகிறோம்.

முத்துக்குப் பிறகு இந்தக் கடலில் எல்லோரும் தேடியது எண்ணெய். 1970களில் சோவியத் உதவியோடு பேசாலையில் கிணறு தோண்டினார்கள், கிடைக்கவில்லை. 1981இல் மன்னார் வளைகுடாவில் தோண்டிய கிணற்றுக்கு ‘பேர்ள்-1’ என்றே பெயர் வைத்தார்கள். அந்த முத்தும் வெறுங்கையோடுதான் அனுப்பியது. 2011இல் கெயின் நிறுவனம் ‘சிக்யூ’ என்ற யப்பானியத் துளையிடும் கப்பலைக் கொண்டுவந்து தோண்டியபோது டொராடோ, பரகூடா என்ற இரண்டு கிணறுகளில் எரிவாயு தென்பட்டது. ஆனாலும் எடுத்து விற்கும் அளவுக்குக் காரியம் நகரவில்லை. மன்னார்க் கடலில் இன்றுவரை எண்ணெய் மேடை ஒன்றுகூட எழவில்லை. எழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு மும்பைக் கடலைப் பார்க்கலாம்.

2005 ஜூலை 27. முதல்நாள்தான் மும்பையில் 944 மில்லிமீற்றர் மழை கொட்டி நகரமே மூழ்கிக் கிடந்தது. அங்கிருந்து மேற்கே 160 கிலோமீற்றர் தொலைவில் இந்திய எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசியின் மும்பை ஹை வடக்கு மேடைகள் சோளகக் காற்றில் நின்றன. அவற்றுக்குப் பணிவிடை செய்த கப்பல் ‘சமுத்திர சுரக்‌ஷா’. அதன் சமையற்காரர் ஒருவருக்கு இரண்டு விரல்களின் நுனி வெட்டுப்பட்டது. அந்தக் காலநிலையில் ஹெலிகொப்டர் வராது. மேடையில் மருத்துவ வசதி உண்டு. ஆகவே காயப்பட்டவரைக் கூடையில் ஏற்றி மேடையின் பாரந்தூக்கியால் தூக்குவது என்று முடிவானது. காற்று மறைவுப் பக்கத்துப் பாரந்தூக்கி வேலை செய்யவில்லை. காற்றடிக்கும் பக்கமாகத்தான் கப்பல் நெருங்க வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு அதன் உந்து விசிறிகளில் ஒன்றும் சரியாகக் கட்டுப்படவில்லை.

ஆளை ஏற்றியாயிற்று. விலகும்போது ஓர் அலை கப்பலைத் தூக்கிப் போட்டது. ஹெலிகொப்டர் தளத்தின் விளிம்பு, மேடையின் வெளிப்புறமாக ஓடிய எரிவாயுக் குழாயில் இடித்தது. பின்னேரம் நாலு மணியளவில் பிடித்த தீ இரண்டு மணித்தியாலத்தில் ஏழு மாடி மேடையைத் தின்றுவிட்டது. தண்ணீருக்கு மேலே சில தூண்கள்தான் மிஞ்சின.

விபத்தில் அகப்பட்டவர்கள் 384 பேர். உயிர்காப்புப் படகுகள் எட்டில் இரண்டைத்தான் இறக்க முடிந்தது. மிதவைத் தெப்பங்கள் பத்தில் ஒன்றை மட்டும். பலர் கடலில் குதித்தார்கள். கடற்படையும் கரையோரக் காவற்படையும் அந்த எண்ணெய் வயலில் ஓடித்திரிந்த சரக்குக் கப்பல்களும் மழைக்குள்ளும் இருட்டுக்குள்ளும் 15 மணித்தியாலம் தேடி 362 பேரை மீட்டன. 22 பேர் போய்விட்டார்கள். அதில் பாதிப் பேரின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

இந்தக் கதையில் என் நெஞ்சைவிட்டு அகலாத இடம் வேறு. சமுத்திர சுரக்‌ஷாவின் வயிற்றுக்குள் அப்போது ஆறு சுழியோடிகள் அழுத்த அறைக்குள் பூட்டப்பட்டிருந்தார்கள். ஆழத்தில் நாட்கணக்கில் வேலை செய்கிறவர்கள், வேலை முடிந்தபின் கப்பலிலும் கடலடியின் அழுத்தத்திலேயே வாழ்வார்கள். அந்த அழுத்தத்தைக் கொஞ்சங்கொஞ்சமாக, சில நாட்கள் எடுத்துக் குறைத்தால்தான் வெளியே வரலாம். அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் இரத்தத்தில் கரைந்திருக்கும் வாயு குமிழியாகி ஆளைக் கொன்றுவிடும். கப்பலில் தீ, மற்றவர்கள் கப்பலைக் கைவிட்டார்கள், இந்த ஆறு பேருக்கு ஓட வழியில்லை. 36 மணித்தியாலம் கழித்து அவர்கள் உயிரோடு மீட்கப்பட்டார்கள். கப்பலோ ஓகஸ்ட் 1ஆம் திகதி மூழ்கிப்போனது. சிலாவத்துறைக் கடலில் மூச்சடக்கிய ஒருவருக்கு மேலே நின்றவர் கயிற்றைக் கைவிட்டிருந்தால் என்ன கதியோ, அதே கதிதான் இவர்களுக்கும் வந்திருக்கும்.

மாலுமியின் தலையில் பழியைப் போடுவது எளிது. காயப்பட்ட ஒரு தொழிலாளிக்காகத்தான் அந்தக் கப்பல் நெருங்கியது என்பதை நான் மறக்கமாட்டேன். இவ்வளவு பெரிய கப்பல் வந்து இடிக்கும் என்று எண்ணாமல், சிறிய கப்பல்களின் கணக்குக்குக் குழாய்க்குக் காப்பு வைத்தவர்களிடம்தான் முதல் கேள்வி கேட்கவேண்டும்.

கயிறு பிடித்தவர்களைக் கேட்டு எழுதிய இடமும் உண்டு என்பதற்கு வடகடலில் நடந்ததையும் இங்கே சொல்லவேண்டும். 1988 ஜூலை 6ஆம் திகதி இரவு ஸ்கொட்லாந்துக்கு அப்பால் பைப்பர் அல்பா மேடை எரிந்ததில் 167 பேர் மாண்டார்கள். மேடையில் இருந்தவர்களில் 61 பேர் தப்பினார்கள். ‘சில்வர் பிட்’ என்ற காவல் கப்பல் விட்ட சிறுபடகு எரியும் மேடைக்குக் கீழே திரும்பத் திரும்பப் போய் ஆட்களை அள்ளியது. ‘சாண்ட்ஹேவன்’ கப்பலின் படகு அப்படியே போய் ஆட்களை ஏற்றியபோது வெடிப்பில் சிக்கியது. அதில் இருந்தவர்களில் படகுக்காரர் ஒருவர் மட்டும் பிழைத்தார். மாண்ட 167 பேரில் அவருடைய தோழர்கள் இருவரும் அடக்கம். கலன் பிரபுவின் விசாரணை ஆணைக்குழு தப்பியவர்களைப் போலவே காப்பாற்றியவர்களையும் அழைத்துக் கேட்டது. சில்வர் பிட் முன்பு மீன்பிடிக் கப்பலாக இருந்தது, மீட்புக்கு ஏற்றதே அல்ல என்று அறிக்கை சொன்னது. 1990இல் வந்த அந்த அறிக்கையின் 106 பரிந்துரைகளும் ஏற்கப்பட்டன. காவல் கப்பல்களுக்கான தகுதியும் கடுமையானது. படகோட்டியின் வாய்ச்சொல் சட்டமாக மாறியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி அம்பாறை மாவட்டத்துச் சங்கமன்கண்டிக்கு அப்பால் ‘நியூ டயமண்ட்’ எண்ணெய்க் கப்பல் தீப்பற்றியது. குவைத்திலிருந்து ஒடிசாவின் பரதீப்புக்குப் போன கப்பல். உள்ளே 2,70,000 தொன் மசகெண்ணெய். பணியாளர் 23 பேரில் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் இயந்திர அறை வெடிப்பில் இறந்தார். மற்றவர்களை அவ்வழியே வந்த வணிகக் கப்பலும் எங்கள் கடற்படையும் காப்பாற்றின. இலங்கை, இந்தியக் கப்பல்கள் நாட்கணக்கில் நின்று தீயை அணைத்தன. எண்ணெய் கடலில் கொட்டுமா என்பதுதான் பத்திரிகைகளின் கேள்வியாக இருந்தது. நியாயமான பயம்தான். ஆனால் தண்ணீர் பீச்சி நின்ற மாலுமிகள் என்ன கண்டார்கள் என்பதை எத்தனை பேர் கேட்டோம்?

முசலி, அரிப்பு, பேசாலை, வங்காலைப் பக்கங்களில் வளைகுடா நாட்டு எண்ணெய்க் கப்பல்களிலோ மேடைகளிலோ வேலை செய்து திரும்பியவர்கள் இருந்தால், தயவுசெய்து இந்தத் தொடருக்கு எழுதி அனுப்புங்கள். எழுத வராத பெரியவர்களிடம் பிள்ளைகள் கேட்டு எழுதலாம். கப்பலின் பெயர், ஆண்டு, கூட நின்றவர்கள், கண்ணால் கண்டது — இவ்வளவும் போதும்.