அச்சமும் நகையும்: தமிழ்ப் பேய்க்கதைகளின் வரலாறு

அஞ்சுவதை வெறுக்கும் மனிதன், அஞ்சவைக்கும் கதையை மட்டும் விரும்பிக் கேட்கிறான். இருளில் தனித்து நடக்கத் தயங்குபவனும் விளக்கின் அருகே பலரோடு அமர்ந்து பேய்க்கதை கேட்க மறுப்பதில்லை. 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று எள்ளி நகைத்த தமிழ்ச் சமுதாயம்தான், உச்சிப் பொழுதில் புளியமரத்தடிக்குப் போகாதே என்று பிள்ளைகளைத் தடுத்தும் வந்தது. அச்சமும் நகையும் உடன்பிறந்தவை போலத் தமிழ் இலக்கியத்தில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் சேர்ந்தே நடந்து வந்துள்ளன. பேய்க்கதைகளுள் எதனைத் தேர்ந்து படிப்பது, எதனை இளையோருக்குச் சொல்வது, எதனைத் தள்ளி வைப்பது என்று எண்ணுவோர்க்கு அந்த நெடிய பயணம் நல்ல வழிகாட்டியாகும்.

இலக்கணம் கண்ட அச்சம்

மெய்ப்பாடுகள் எட்டு எனத் தொல்காப்பியம் வகுக்கிறது. அவற்றுள் நகை முதலிடம் பெறுகிறது. அச்சமும் ஓரிடம் பெறுகிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் நகைக்கு நிலைக்களன்கள். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கும் அச்சத்துக்கு நிலைக்களன்கள். பேயும் பூதமும் அணங்கு என்பதனுள் அடங்கும் என்பர் உரையாசிரியர்கள். இப்பாகுபாட்டை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அச்சம் தரும் நான்கனுள் பேய்க்கு உரியது ஒரு பங்கே. எஞ்சிய மூன்றும் காட்டிலும் தெருவிலும் அரண்மனையிலும் கண்ணெதிரே உலவுபவை. பண்டைத் தமிழர் பேய்க்கு அஞ்சினர். ஆனால் பேய்க்கு மட்டுமே அஞ்சினர் அல்லர்.

சங்கப் பாடல்களில் பேய் பெரும்பாலும் போர்க்களத்தையும் சுடுகாட்டையும் சார்ந்தே வருகிறது. திருமுருகாற்றுப்படையில் வரும் பேய்மகள் களத்தில் பிணம் தின்று துணங்கைக் கூத்து ஆடுகிறாள். புறநானூற்றின் 281ஆம் பாடலோ மற்றொரு காட்சியைத் தருகிறது. போரில் விழுப்புண் பட்ட வீரன் வீட்டில் கிடக்கிறான். அவனைக் காக்க விரும்பும் மனைவி, வீட்டின் இறைப்பில் இரவ இலையையும் வேப்பிலையையும் செருகுகிறாள். வெண்சிறு கடுகைத் தூவுகிறாள். யாழும் பிற கருவிகளும் ஒலிக்கக் காஞ்சிப் பண் பாடப்படுகிறது. பேய் அணுகாமல் காக்கும் சடங்கு அது. அச்சத்தின் உருவில் அங்கே நிற்பது ஒரு பெண்ணின் அன்பே. கணவனை இழந்துவிடுவோமோ என்ற நடுக்கம்தான் வேப்பிலையாகவும் கடுகாகவும் வடிவெடுக்கிறது. சிறந்த பேய்க்கதைகள் அனைத்திலும் இத்தகைய மனிதத் துயரம் ஒன்று உள்ளே மறைந்திருக்கக் காணலாம்.

நடுங்க வைக்கும் கதைகள்

தமிழில் உள்ளத்தை உறையச் செய்யும் பேய்க்கதை எது என்று கேட்டால், மணிமேகலையில் வரும் சார்ங்கலன் கதையைத் தயங்காது கூறலாம். புகார் நகரின் சுடுகாட்டை அடுத்த வழியில் அச்சிறுவன் தனியே செல்கிறான். ஒரு பெண்ணின் தலையைக் கையில் ஏந்திப் பேய் ஒன்று கூத்தாடுவதைக் காண்கிறான். கண்ட அச்சத்தால் வீட்டுக்கு ஓடி, பேய்க்கு உயிர் கொடுத்தேன் என்று தாயிடம் கூறி உயிர் துறக்கிறான். தாய் கோதமை மகனின் உடலை மார்போடு தழுவிச் சென்று, ஊரைக் காக்கும் சம்பாபதித் தெய்வத்தை இரவில் அழைத்து நீதி கேட்கிறாள்.

இங்கேதான் சாத்தனாரின் பேராற்றல் வெளிப்படுகிறது. அணங்கும் பேயும் உயிரை உண்பதில்லை என்று அத்தெய்வமே கூறிவிடுகிறது. சிறுவனின் அறியாமையும் அவனது வினையுமே அவன் உயிரைக் கொண்டன என்கிறது. கோதமை தளரவில்லை. தன் உயிரை எடுத்துக்கொண்டு மகனின் உயிரைத் தந்தால், கண்ணற்ற தன் கணவனை அவன் காப்பான் என்று மன்றாடுகிறாள். உயிருக்கு உயிர் மாற்றுவது எத்தெய்வத்துக்கும் இயலாது என்பதைக் காட்டச் சக்கரவாளத்துத் தேவர்கள் அனைவரையும் சம்பாபதி அவள் முன் கொணர்ந்து நிறுத்துகிறாள். பேயில் தொடங்கிய கதை, இறப்பின் முன் தேவரும் கையற்று நிற்கும் காட்சியில் முடிகிறது. படிப்பவர் நெஞ்சில் நிலைப்பது பேயின் கூத்தன்று; ஒரு தாயின் வழக்கு.

அடுத்து வைக்கத் தக்கது பழையனூர் நீலியின் கதை. முன் பிறப்பில் கணவனால் கொல்லப்பட்ட பெண், பேயுருக் கொண்டு, வணிகனாகப் பிறந்த அவனைத் தொடர்கிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் கணவன் என்று பழையனூர் வேளாளர் எழுபதின்மரிடம் முறையிடுகிறாள். வணிகன் இவள் பேய் என்று கதறுகிறான். அவளது கண்ணீரை நம்பிய அவையோர், உனக்குத் தீங்கு நேரின் எங்கள் உயிரைத் தருவோம் என்று வாக்களித்து அவனை அவளோடு ஓர் அறையில் இருத்துகின்றனர். விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடக்கிறான். எழுபதின்மரும் தீயில் இறங்கித் தம் வாக்கைக் காக்கின்றனர்.

திருவாலங்காட்டை அடுத்த பழையனூரோடு பிணைந்த இக்கதையைத் திருஞானசம்பந்தரின் தேவாரமும் சுட்டுகிறது. பொய்யழுகையை 'நீலிக் கண்ணீர்' என்று இன்றும் வழங்குகிறோம். ஆயினும் கதை அழுகையோடு முடியவில்லை. தவறாகத் தீர்ப்பளித்தவர்கள் அத்தவற்றின் விலையைத் தாமே செலுத்தினர் என்பதே அதன் உயிர். அதே பழையனூர்ச் சுடலைத் தெய்வத்தைச் சமணர் வேறு விதமாகக் கண்டனர். நீலகேசி என்னும் சமண நூலில் அவள் ஒரு முனிவரை அஞ்சவைக்க வந்து, தோற்று, அறம் கேட்டு, பின்னர்ப் பல சமயத்தாரோடு வாதிடும் அறிஞையாக உயர்கிறாள். ஒரே பேய் ஒரு கதையில் பழி தீர்க்கிறது; மற்றொன்றில் கல்வி பெறுகிறது.

பேயுருவை வேண்டிப் பெற்றவரும் உண்டு. கணவன் தன்னைத் தெய்வமென வணங்கி விலகியபின், அழகைத் தாங்கிய உடல் இனித் தமக்கு வேண்டா என்று உதறிய காரைக்கால் அம்மையார், தம்மைப் பேய் என்றே தம் பாடல்களில் அழைத்துக்கொள்கிறார். கண்டோர் அஞ்சி ஓடிய அவ்வுருவை இறைவன் 'அம்மையே' என்று அழைத்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது.

சிரிக்க வைக்கும் பேய்கள்

நடுக்கத்திலிருந்து நகைக்கு வருவோர்க்குச் செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி வாயிலாக அமையும். முதற் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிங்கத்தை வென்றதைப் பாடும் நூல் அது. அதில் வரும் பேய்கள் பசியால் வாடி, காளியிடம் குறைகூறும் ஏழைக் குடிகளைப் போல நிற்கின்றன. இமயத்திலிருந்து வந்த முதுபேய் ஒன்று தான் கற்ற மாயவித்தையைக் காட்டுகிறது. குருதியும் பிணமும் தோன்றக் கண்ட பேய்கள் பாய்ந்து அள்ளுகின்றன. வெறுங்கையோடு ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன.

போர் முடிந்ததும் கூழ் சமைக்கும் படலம் வருகிறது. பேய்கள் யானைத் தந்தத்தால் பல் விளக்குகின்றன. விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன. பந்தியில் சமணப் பேயும் புத்தப் பேயும் குருட்டுப் பேயும் ஊமைப் பேயும் வரிசையாக அமர்கின்றன. வடமொழி சொல்லிப் பிச்சை கேட்கிறது பார்ப்பனப் பேய். ஓட்டைக் கலத்தில் கூழ் வாங்கிய முட்டாள் பேய், ஒழுகுவது எங்கே என்று கலத்தைத் திருப்பிப் பார்த்து உள்ளதையும் கொட்டிவிட்டுத் திகைக்கிறது. உண்டபின் தாம்பூலமும் உண்டு: குதிரையின் காது வெற்றிலையாகிறது, அதன் குளம்பு பாக்காகிறது.

மனிதரின் விருந்தையே பேய்களின் பந்தியாக்கிப் புலவர் எள்ளுகிறார் எனலாம். ஆனால் சிரித்து முடிக்கும்போது கூழின் அரிசி எது, உலை நீர் எது என்ற நினைவு வருகிறது. அங்கே கொதித்தது மாண்ட வீரர்களின் உடல். வெற்றியைப் புகழ வந்த நூல், போரின் அருவருப்பையும் மறைக்காமல் காட்டிவிடுகிறது.

பரணிப் பேய்கள் அரசவைக்குரியவை என்றால், வேதாளம் திண்ணைக்குரியது. வடமொழியில் எழுந்த வேதாளக் கதைகளை 11ஆம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் தம் கதாசரித்சாகரத்தில் சேர்த்தார். தமிழில் அவை விக்கிரமாதித்தன் கதையோடு இணைந்து பரவின. பாபிங்டன் என்பார் தமிழ் வேதாளக் கதையை ஆங்கிலத்தில் பெயர்க்க, அது 1831இல் இலண்டனில் அச்சேறியது. வடமொழியில் சிம்சபா மரத்தில் தொங்கிய வேதாளம், தமிழ் நிலத்துக்கு வந்தபோது முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டது. கொல்லைப்புறத்து மரத்தில் குடியேறியதால் அது வீட்டாரில் ஒருவராயிற்று. அது மனிதனைத் தின்பதற்கு மாறாக வினாக் கேட்கிறது. அறிந்தும் விடை கூறாவிடில் தலை வெடிக்கும் என்று எச்சரிக்கிறது. அச்சத்தைப் புதிராக மாற்றிய இக்கதைகளை, 1947இல் தொடங்கிய அம்புலிமாமா இதழ் பல தலைமுறைச் சிறுவர்களிடம் கொண்டு சேர்த்தது.

மலாய் மண்ணின் பேய்கள்

கடல் கடந்து வந்த தமிழர் மலாயாவில் வேறு பேய்களைச் சந்தித்தனர். மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா, தமிழகத்து நாகூரோடு குடும்பத் தொடர்புடையவர், தமிழ் கற்றவர், 1835இல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாய்க்குக் கொணர்ந்தவர். 1849இல் அச்சேறிய அவரது தன்வரலாறு, சமயத் தொண்டர் மில்னிடம் தாம் மலாய்ப் பேய் நம்பிக்கைகளை எடுத்துரைத்ததைக் கூறுகிறது. குடலைத் தொங்கவிட்டபடி தலை மட்டும் பறந்து வரும் பெனாங்கலான், ஏவி விடப்படும் போலோங் ஆகியவை அங்கே இடம் பெறுகின்றன. அவற்றை நம்பாத அறிவோடும், மக்களின் அச்சத்தைக் கூர்ந்து நோக்கிய கண்ணோடும் அவர் எழுதினார்.

மலாய்ப் பேய்களுள் பெயர் பெற்றது பொந்தியானாக். பேறுகாலத்தோடு தொடர்புற்று மாண்ட பெண்ணின் ஆவி அது என்பது நம்பிக்கை. தமிழ்த் திரைப்படங்களையும் இயக்கியிருந்த பி. என். ராவ், மரியா மெனாடோவைக் கொண்டு 1957இல் சிங்கப்பூரில் 'பொந்தியானாக்' படத்தை உருவாக்கினார். அது பெருவெற்றி பெற்றுத் தொடர் படங்களுக்கு வழி திறந்தது. அம்முதற்படத்தின் சுருள்கள் இன்று கிடைக்கவில்லை.

கருவுற்ற நிலையில் மாண்ட பெண்ணைத் தமிழரும் மறக்கவில்லை. அவள் இறக்கிவைக்க இயலாத சுமைக்கு ஈடாக, வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி இளைப்பாறச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டனர். ஒரு துயரம் மலாய் நிலத்தில் கதையாயிற்று; தமிழ் நிலத்தில் கல்லாயிற்று. மருத்துவம் எட்டாத காலத்தில் பேறுகாலத்தில் பெண்கள் மாண்ட கொடுமையே இரண்டுக்கும் வேர். இதனை அறிந்தபின் பொந்தியானாக் கதையைக் கேட்போர்க்கு அச்சத்தோடு இரக்கமும் பிறக்கும்.

ஒரே கையில் இரண்டும்

இக்காலச் சிறுகதையில் இவ்விரு மரபும் புதுமைப்பித்தனிடம் ஒன்று சேர்ந்தன. 1943இல் வெளிவந்த 'காஞ்சனை' தமிழின் தலைசிறந்த திகில் கதைகளுள் ஒன்று. தூக்கம் வாராத எழுத்தாளர், வீட்டு வேலைக்கு அமர்த்தப்படும் பிச்சைக்காரப் பெண், இரவில் எழும் மணம் என்று சிறு சிறு குறிப்புகளாலேயே அக்கதை நடுங்க வைக்கிறது. நிகழ்ந்தது பேயின் செயலா, உள்ளத்தின் மயக்கமா என்பதை ஆசிரியர் முடித்துக் கூறவில்லை. அவரே 'வேதாளம் சொன்ன கதை'யில் அந்தப் பழைய வேதாளத்தைக் கேலிப் பொருளாக்கிச் சிரிக்க வைக்கிறார். ஒரே எழுத்தாளரின் இவ்விரு கதைகளையும் அடுத்தடுத்துப் படிப்பவர், அச்சத்துக்கும் நகைக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு சிறிது என்பதை உணர்வார்.

தேர்ந்து படிக்கும் நெறி

பேய்க்கதைகள் மூடநம்பிக்கையை வளர்க்கும் எனக் கருதி, அவற்றை முற்றிலும் ஒதுக்குவோர் உளர். அவர்களது கவலை பொருளற்றதன்று. பேயோட்டுதல் என்ற பெயரில் நோயுற்ற பெண்கள் அடிபட்டதும், மருந்து உண்ண வேண்டியவர் மந்திரத்தை நம்பி மாண்டதும் சமுதாயம் அறிந்த துன்பங்கள். அச்சத்தை விற்றுப் பிழைப்போர்க்குத் துணை போகும் கதையைத் தள்ளுவதே முறை.

ஆனால் மேலே கண்டவை அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. பேய் உயிரை உண்ணாது என்று மணிமேகலை கூறிற்று. கொடுத்த வாக்கு உயிரினும் பெரிது என்று நீலி கதை கூறிற்று. போரின் உண்மை முகத்தைப் பரணியின் கூழ்ப்பானை காட்டிற்று. சிந்தித்து விடை சொல்ல வேதாளம் கற்பித்தது. இளஞ்சிறார்க்கு முருங்கை மரத்து வேதாளத்தில் தொடங்கலாம். வளர்ந்தபின் பரணியின் பந்தியில் சிரிக்கலாம். முதிர்ந்த உள்ளத்தோடு காஞ்சனையையும் நீலியையும் அணுகலாம். கோதமையின் ஓலத்தை இறுதியாக வைக்கலாம். இழப்பை அறிந்த நெஞ்சுக்கே அது முழுமையாக விளங்கும்.

கதையை மூடி வைத்தபின் படித்தவர் இருளைக் கண்டு சுருங்குகிறாரா, அன்றி அடுத்தவர் துயரை எண்ணி விரிகிறாரா என்பதே உரைகல். அந்த உரைகல்லில் தேறிய பேய்கள் தமிழில் பல உண்டு. அவை இன்னும் புளியிலும் முருங்கையிலும் காத்திருக்கின்றன. விளக்கை ஏற்றி அருகே அமர்வதற்குப் படிப்போர்தாம் வேண்டும்.